அலைன்மென்ட் செய்தும் கார் இழுக்கிறதா?

"அண்ணை, போன கிழமைதான் அலைன்மென்ட் செய்தது, இன்னும் இடப்பக்கம் இழுக்குது." திருகோணமலை கராஜ்களில் அடிக்கடி காதில் விழும் முறைப்பாடு இது. கார் ஒரு பக்கம் இழுத்தால் உடனே அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்களைச் சரிசெய்வது, என்று பழகிவிட்டோம். ஆனால் அதைவிட முதலில் பார்க்க வேண்டியது, கார் எப்போது இழுக்கிறது என்பதைத்தான். எந்நேரமுமா, பிரேக் பிடிக்கும்போது மட்டுமா, வேகம் கொடுக்கும்போதா?

எந்நேரமும் என்றால் வீதியிலிருந்து தொடங்குங்கள். மழைத்தண்ணீர் வழிந்தோடுவதற்காக வீதியின் நடுவை உயர்த்தி, ஓரத்தைத் தாழ்த்திப் போடுவார்கள். இந்தச் சரிவு வழக்கமாக 2 முதல் 3 சதவீதம். 1,100 கிலோ காரை 2.5 சதவீதச் சரிவு ஏறத்தாழ 27 கிலோ எடைக்குச் சமமான விசையோடு ஓரத்துக்குத் தள்ளும். இலங்கையில் இடப்பக்கம் ஓடுவதால், பிடியைத் தளர்த்தினால் கார் மெல்ல இடப்பக்கம் ஒதுங்குவது கோளாறு அல்ல. அதே வீதியில் வலப்பக்கம் இழுத்தால், சரிவையும் மீறி இழுக்கிறது. அப்போது காரில்தான் ஏதோ இருக்கிறது, இல்லாவிட்டால் வீசும் காற்று.

காற்றைப் பிரித்தறிவது சுலபம். நிலாவெளிக்குப் போகும்போது கடல் உங்கள் வலப்பக்கம், திரும்பும்போது இடப்பக்கம். கரையிலிருந்து வீசும் கச்சான் காற்று போகும்போதும் வரும்போதும் காரைக் கடல் பக்கமாகவே தள்ளும். காரின் கோளாறு அப்படித் திசை பார்க்காது. போகும்போது வலப்பக்கம் இழுத்தால் வரும்போதும் வலப்பக்கமே இழுக்கும்.

அடுத்தது டயர். காற்றுக் குறைந்த டயர் உருளும்போது அதிகம் நசுங்கி, அந்தப் பக்கத்தைப் பிடித்து இழுக்கும். எனவே வண்டி ஓடிச் சூடாகுமுன் காற்றை அளந்து, சாரதிக் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்குச் சரிசெய்யுங்கள். காற்று சரியாக இருந்தும் டயரே இழுக்கலாம். உள்ளே இருக்கும் உருக்குப் பட்டை சற்று விலகியிருந்தால், டயரின் ஒரு விளிம்பு மற்றதைவிட விறைப்பாகி, டயர் கூம்பு போல நடந்துகொள்ளும். கச்சான் கடலை போட்டுத் தரும் கூம்புத் தாள் சுருளை மேசையில் உருட்டினால் நேரே போகாமல் வட்டமடிக்கிறதே, அந்தக் கதைதான். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, அலைன்மென்ட் மெசினுக்கும் தெரியாது. முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓடுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான் குற்றவாளி. பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் இடம் வலம் மாற்றக்கூடாது. அதே பக்கத்து முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் பாருங்கள்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் கதை வேறு. இடப்பக்கம் இழுக்கிறது என்றால் இடப்பக்க பிரேக் கெட்டுவிட்டது என்றுதான் பலரும் நினைப்பார்கள். பெரும்பாலும் நேர்மாறு. இடப்பக்கம் ஒழுங்காகப் பிடிக்கிறது, வலப்பக்கம் பிடிக்கவில்லை. சக்கரத்தோடு சுழலும் தட்டை இரு பக்கமும் பேட்களால் நெரித்துப் பிடிப்பது காலிப்பர். அது வழுக்கி நகர்வதற்கு இரண்டு பின்கள் (ஊசி போன்ற கம்பிகள்) உண்டு. உப்புக்காற்று ஊரில், அவற்றை மூடும் ரப்பர் கிழிந்தால் துருவேறி இறுகிவிடும். அந்தப் பின்கள் இறுகினால் வெளிப்பக்கத்து பேட் ஒழுங்காக அழுத்தாது.

காலை எடுத்த பிறகும் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், இழுப்பு கெட்ட பக்கத்துக்கே வரும். பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாயான ஹோஸ் உள்ளே வீங்கினாலும் இதே நிலைதான். மிதிக்கும்போது எண்ணெய் அழுத்தத்தோடு போய்விடும், திரும்பி வராது. அதிகம் பிரேக் பிடிக்காமல் கொஞ்ச தூரம் ஓடி நிறுத்தி, இரண்டு முன் ரிம்களுக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், கை வெந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அங்கேதான் வேலை.

வேகம் கொடுக்கும்போது மட்டும் ஒரு பக்கம் திரும்புகிறதா? முன்சக்கரத்தால் ஓடும் கார்களில், சக்கரங்களைச் சுழற்றும் தண்டுகளான இரண்டு டிரைவ் ஷாஃப்டும் ஒரே நீளமில்லாதபோது கொஞ்சம் இழுப்பது இயல்பு. புதிதாகத் தொடங்கியிருந்தால் சக்கரத்தைக் கீழே தாங்கும் லோவர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இவை எல்லாம் சரி என்றால்தான் அலைன்மென்ட். அதிலும் பல சிறிய ஜப்பான் கார்களில் சாதாரணமாகத் திருப்பி அமைக்க முடிவது டோ, அதாவது இரு முன்சக்கரங்களும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ பார்க்கும் அளவு மட்டும்தான். முன்சக்கர டோ பிழைத்தால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும், டயர் தேயும். கார் இழுப்பது அபூர்வம். ஏனெனில் இரண்டு சக்கரமும் ஸ்டியரிங்கின் ஒரே ராக்கில் (குறுக்குத் தண்டில்) இணைந்திருப்பதால், ஓட்டத்தில் பிழையைத் தங்களுக்குள் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும்.

இழுப்பது கேம்பரும் காஸ்டரும். கேம்பர் என்பது சக்கரம் உள்ளே வெளியே சாயும் அளவு, காஸ்டர் என்பது சக்கரம் திரும்பும் ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் அளவு. மேல்விளிம்பு மற்றச் சக்கரத்தைவிட வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும் சக்கரத்தின் பக்கமும், ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிக் குறைவாகச் சாய்ந்த பக்கமும் கார் போகும். ஒரு நல்ல குழியில் விழுந்து லோவர் ஆர்ம் பின்னால் வளைந்தால் காஸ்டர் குறைந்துவிடும். அதை எத்தனை தடவை அலைன்மென்ட் செய்தும் திருத்த முடியாது, ஆர்மைத்தான் மாற்ற வேண்டும். எனவே அளந்த தாளைக் கேட்டு வாங்குங்கள். கேம்பரிலோ காஸ்டரிலோ இடம் வலம் வித்தியாசம் அரைப் பாகைக்கு மேல் இருந்தால், காசை டோவுக்குக் கொடுக்காமல், வளைந்த பாகம் எது என்று தேடச் சொல்லுங்கள்.