வாக்கர் என்ற பெயருக்குக் குலச்சின்னம் கிடையாது

பழைய பதிவேடுகளைப் புரட்டி ஆங்கிலேயக் குடும்பங்களின் பூர்வீகத்தைத் தேடிக் கொடுப்பது என் தொழில். இதில் ஒரு தவறான நம்பிக்கையை எத்தனை முறை மறுத்துச் சொன்னாலும், அது வேறொருவர் உருவில் மீண்டும் வாசலில் வந்து நிற்கிறது. அண்மையில் வந்தவர் வாக்கர் என்ற குடும்பப் பெயருடைய, பணி ஓய்வு பெற்ற ஒரு பொறியாளர். சட்டமிட்ட கேடயச் சின்னம் ஒன்றையும், பழுப்பேறியது போல அச்சிட்ட தாளில் இருந்த ‘வாக்கர் குல வரலாறு’ ஒன்றையும் இணையத்தில் விலை கொடுத்து வாங்கியிருந்தார். அதே சின்னத்தை மகளின் திருமண மோதிரத்தில் பொறிப்பதற்கு முன்பணமும் கட்டியாயிற்று. அந்தச் சின்னத்துக்கு உரிய பிரபுவுக்கும் தமக்கும் இடையிலுள்ள தலைமுறைகளை நிரப்பித் தர வேண்டும் என்பது மட்டுமே அவர் என்னிடம் கேட்டது. விடையை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அதற்கேற்ற கணக்கைப் போட்டுத் தரச் சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

எனவே வாக்கர் என்பவர் யார் என்பதிலிருந்தே தொடங்குகிறேன். நடந்து திரிந்தவர் அல்லர். காட்டைச் சுற்றிக் காவல் பார்த்தவர் என்று ஒரு கதை உலவுகிறது. பெரும்பான்மையான வாக்கர் குடும்பங்களுக்கு அது பொருந்தாது. அவர் கம்பளித் துணியை மிதித்தவர். தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி இழை தளர்ந்து, ஆட்டு மயிரின் பிசுக்கோடு இருக்கும். அதைத் தொட்டியில் இட்டு, புளித்த சிறுநீரையோ களிமண்ணையோ சேர்த்து, வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதிக்க வேண்டும். மிதிக்க மிதிக்கப் பிசுக்கு நீங்கி, இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கி, துணி காற்றும் மழையும் எளிதில் புகாத அளவுக்குத் தடித்துவிடும். பிறகு அதை அலசி, மரச்சட்டங்களில் கொக்கிகளால் இழுத்து மாட்டிக் காய வைப்பார்கள். அந்தக் களிமண்ணை இன்று முகத்தில் பூசிக்கொள்ள முல்தானி மட்டி என்ற பெயரில் கடையில் வாங்குகிறோம். இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்து நட்ஃபீல்டிலும் பெட்ஃபோர்ட்ஷயரின் வோபர்னிலும் அது வெட்டி எடுக்கப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டில் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாதென்று தடை போடும் அளவுக்கு, கம்பளித் தொழிலில் அதற்கு மதிப்பு இருந்தது.

இந்த ஒரே வேலைக்கு இங்கிலாந்தில் வட்டாரத்துக்கு ஒரு சொல் வழங்கியது. வடக்கிலும் நடுப்பகுதியிலும் வாக்கர். தென்கிழக்கிலும் கிழக்கு ஆங்கிலியாவிலும் ஃபுல்லர். டெவன், சாமர்செட் உள்ளிட்ட தென்மேற்கில் டக்கர். மூன்றும் குடும்பப் பெயர்களாக நிலைத்தன. 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வரைபடமாக இட்டுப் பார்த்தால், ஐந்நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும், தொழிற்புரட்சி மக்களை ஊர் ஊராக இடம் பெயர்த்த பின்னரும், அந்தப் பழைய எல்லைகள் அழியாமல் தெரிகின்றன. யார்க்‌ஷயரிலும் லங்காஷயரிலும் வாக்கர்கள் அடர்ந்திருக்கிறார்கள், சஸெக்ஸ், கென்ட், சஃபோக் பக்கம் ஃபுல்லர்கள், டெவனில் டக்கர்கள். எக்ஸிடர் நகரில் நெசவாளர், துணி மிதிப்போர், துணி கத்தரிப்போர் ஆகியோரின் சங்கம் 1471இல் எழுப்பிய மண்டபம் இன்றும் ‘டக்கர்ஸ் ஹால்’ என்றே அழைக்கப்படுகிறது. வேல்ஸில் இந்த வேலை நடந்த ஆலைக்கு ‘பாண்டி’ என்று பெயர். டோனிபாண்டி என்ற ஊர்ப்பெயரின் பின்பாதி அதுதான். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் ‘துணி மிதிப்பவரின் மகன்’ என்று பொருள்படும் பெயரைக் கொண்டிருந்த சில குடும்பங்கள், பின்னாளில் அதை ஆங்கிலத்தில் வாக்கர் என்று எழுதிக்கொண்டன. இவர்களுக்கும் யார்க்‌ஷயர் வாக்கர்களுக்கும் கொள்வினை கொடுப்பினை எதுவும் இருந்திருக்க வேண்டியதில்லை.

காலால் மிதிக்கும் வேலையைத் தண்ணீர்ச் சக்கரம் மெல்ல மெல்லத் தன் வசப்படுத்தியது. யார்க்‌ஷயரின் நியூசமிலும் கிளாஸ்டர்ஷயரின் பார்ட்டனிலும் டெம்ப்ளர் வீரத் துறவியருக்கு இத்தகைய ஆலைகள் இருந்ததை 1185ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட அவர்களின் சொத்துக் கணக்கு காட்டுகிறது. சக்கரம் சுழலும்போது மரச் சுத்தியல்கள் ஏறி இறங்கித் துணியை இடித்தன. கால் ஓய்ந்தது, பெயர் ஓயவில்லை. ஆலை வைத்து நடத்தியவரும் வாக்கர் என்றே அழைக்கப்பட்டார். எனவே, “எங்கள் முன்னோர் தொட்டியில் நின்று மிதித்தவர்” என்று உறுதியாகச் சொல்வதற்குக்கூடச் சான்று வேண்டும். (போகிற போக்கில் ஒன்று: நார்ஃபோக்கின் பெயர்பெற்ற வொர்ஸ்டட் என்ற வழவழப்பான கம்பளித் துணிக்கு இந்த மிதித்தல் பெரிதும் தேவைப்படவில்லை. கம்பளி நெய்த ஊரிலெல்லாம் துணி மிதிப்போர் நிறைந்திருந்தார்கள் என்று எண்ணிக்கொண்டு வருபவர்களை நான் முதலில் கேட்பது, எந்தத் துணி என்பதைத்தான்.)

பட்டப்பெயராக இருந்தது பரம்பரைப் பெயராக மாறியதும் ஒரே நாளில் நடந்ததன்று. 1066இல் நார்மானியர் வந்த பிறகு நிலவுடைமையாளர்கள் முதலில் பரம்பரைப் பெயர் வைத்துக்கொண்டார்கள். தெற்கில் சாதாரண மக்களிடம் அது பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் பெரும்பாலும் நிலைபெற்றுவிட்டது. வடக்கில் இன்னும் தாமதமாயிற்று. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் விதிக்கப்பட்ட தலைவரியின் பட்டியல்கள் எஞ்சியுள்ள இடங்களில், பெயருக்குப் பக்கத்திலேயே தொழிலும் எழுதப்பட்டிருப்பதுண்டு. பெயர் ஒரு தொழிலைச் சொல்ல, ஆள் வேறொரு தொழில் செய்வதை அங்கே காணலாம். 1413ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வழக்கு ஆவணங்களில் பிரதிவாதியின் பெயரோடு அவருடைய தொழிலையோ தகுதியையோ ஊரையும் சேர்த்து எழுத வேண்டும் என்று விதித்தது. பெயரைப் பார்த்தே தொழிலை அறிய முடிந்திருந்தால் அப்படியொரு சட்டத்துக்குத் தேவையே இருந்திராது.

இனி அந்தக் குலச்சின்னத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் குடும்பப் பெயருக்கென்று சின்னம் இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை. கேடயச் சின்னம் ஒரு தனி ஆளுக்கு வழங்கப்படுவது. அவருடைய முறையான வாரிசுகளுக்கு, ஆண்வழியில் மட்டுமே அது இறங்கும். அதை வழங்கும் அதிகாரம் உடைய காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் 1484இல் மூன்றாம் ரிச்சர்டின் பட்டயத்தால் நிறுவப்பட்டது. இன்றும் லண்டனில் இயங்குகிறது. ஒரு வாக்கருக்குச் சின்னம் வழங்கப்பட்டிருந்தால், அவருடைய உடன்பிறந்த தம்பிக்கே அதில் உரிமை இருக்க வேண்டியதில்லை. அடுத்த தெருவில் அதே பெயரோடு வாழ்ந்த அந்நியருக்கு எங்கிருந்து உரிமை வரும்? வரலாற்றில் வாக்கர் என்ற பெயருடைய பலருக்கு, ஒருவரோடொருவர் தொடர்பில்லாமல், வெவ்வேறு சின்னங்கள் வழங்கப்பட்டுள்ளன. கடைக்காரர் அவற்றுள் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, அந்தப் பெயருடைய இலட்சக்கணக்கானோருக்கும் விற்கிறார். இப்படி உரிமையில்லாமல் சின்னம் வைத்துக்கொள்வது புதிய பழக்கமும் அன்று. 1530 முதல் 1688 வரை அரசவையின் குலச்சின்ன அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாகச் சென்று, சின்னம் வைத்திருந்தோரிடம் சான்று கேட்டார்கள். காட்ட முடியாதவர்களின் பெயரைப் பொதுவில் அறிவித்து மானத்தை வாங்கினார்கள். இன்று அப்படி யாரும் வருவதில்லை என்பதே வியாபாரிகளின் துணிச்சலுக்குக் காரணம்.

இதைச் சொன்னதும், “சரி, சின்னம் போகட்டும், வாக்கர்கள் எல்லோரும் தொலைதூரச் சொந்தக்காரர்கள்தானே?” என்ற கேள்வி வரும். இல்லை. கம்பளி நெய்த ஊர்களில் துணி மிதிப்பவர் தேவைப்பட்டார், அவரவர் ஊரில் அவரவருக்குத் தனித்தனியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 40 பிரிட்டானியக் குடும்பப் பெயர்களை எடுத்துக்கொண்டு, தந்தைவழியில் இறங்கும் ஒய் குரோமோசோமை ஆராய்ந்து 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அட்டன்பரோ போன்ற அரிய பெயர் உடையவர்களில் பெரும்பாலோர் ஒரே முன்னோரைச் சுட்டினார்கள். ஸ்மித் போன்ற பரவலான தொழிற்பெயர்களில் அத்தகைய உறவு ஏறத்தாழ இல்லவே இல்லை. வாக்கரும் அந்த வரிசையில் சேர்ந்த பெயர்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மிகப் பரவலான முதல் இருபது பெயர்களுள் அது அடங்கும்.

கடல் கடந்த பிறகு குழப்பம் இன்னும் கூடுகிறது. அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வாக்கர் என்ற பெயருடையோர் 5,23,129 பேர். பெயர்களின் வரிசையில் 31ஆம் இடம். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பினத்தவர். அடிமை முறை 1865இல் ஒழிந்தபோது, விடுதலை பெற்றவர்களுள் சிலர் முன்னாள் உரிமையாளரின் பெயரை வைத்துக்கொண்டார்கள், சிலர் அதை வேண்டுமென்றே தவிர்த்து வேறொன்றைத் தேர்ந்துகொண்டார்கள். அவர்கள் அனைவரும் குடும்பப் பெயரோடு பதிவான முதல் தேசியக் கணக்கெடுப்பு 1870ஆம் ஆண்டினுடையது. லூயிசியானாவின் டெல்டா என்ற ஊரில் 1867இல் பிறந்து, கூந்தல் பராமரிப்புப் பொருள்கள் விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டிய மேடம் சி. ஜே. வாக்கரின் பிறந்த பெயர் சாரா பிரீட்லவ். வாக்கர் என்பது கணவர் வழி வந்தது. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஜெர்மன் மொழிக் குடும்பங்களிலும் வாக்கர் என்ற பெயர் உண்டு. எழுத்து மாற்றமே தேவைப்படவில்லை. இத்தனை பேருக்கும் ஒரே கேடயத்தை விற்பதை வேறென்ன சொல்ல?

சென்னையிலிருந்தும் கடிதங்கள் வருவதுண்டு. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் டெய்லர், குக், பேக்கர், வாக்கர் எல்லாப் பெயர்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது, நேராக யார்க்‌ஷயருக்குத் தாவாதீர்கள் என்பதே. சென்னை மாகாணத்துத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆஃபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனியில் படைவீரராகச் சேர்ந்தவர் என்றால், அவர் எந்த ஊரில் பிறந்தார், சேர்வதற்கு முன் என்ன வேலை பார்த்தார் என்பன கம்பெனியின் ஏடுகளில் பதிவாகியிருக்க வாய்ப்புண்டு. அந்த ஒரு வரியின் பயன் எந்தக் கேடயத்துக்கும் கிடையாது. பொய்ப் பெயரில் படையில் சேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

தேட விரும்புகிறவர்கள் தங்களிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்லுங்கள். பிரபுவிடமிருந்து தொடங்கி முன்னோக்கி வராதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837 ஜூலையில் தொடங்கியது, ஸ்காட்லாந்தில் 1855இல். அதற்கு முந்திய காலத்துக்கு, 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லின் ஆணையால் தொடங்கிய தேவாலயப் பதிவேடுகள்தாம் துணை. பல ஊர்களில் தொடக்கக் கால ஏடுகள் எஞ்சவில்லை. பிறப்புப் பதிவுகளின் பழைய காலாண்டு அட்டவணைகளில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் 1911இலிருந்துதான் வரும். பதிவு அலுவலகத்தின் புதிய இணைய அட்டவணையிலோ அது 1837இலிருந்தே இருக்கிறது. வாக்கர் போன்ற பெயரோடு போராடுபவர்கள் அதைப் பாராமல் ஒரு சான்றிதழுக்கும் பணம் கட்ட வேண்டாம். ஒரே ஊரில் ஒரே ஆண்டில் இரண்டு ஜான் வாக்கர்கள் பிறந்திருப்பார்கள். தாயின் பெயர்தான் அவர்களைப் பிரித்துக் காட்டும். மணவுறவுக்கு வெளியே பிறந்த குழந்தை பெரும்பாலும் தாயின் பெயரையே பெற்றது. உங்கள் வாக்கர் பெயர் ஒரு பெண்வழி வந்ததாகவும் இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் யாரும் நீதிமன்றத்துக்குப் போகாமலேயே பெயரை மாற்றிக்கொள்ளச் சட்டம் இடமளித்தது. எனவே ஒரு தலைமுறையில் பெயர் திடீரென முளைத்தால் எழுத்தர்மீது பழி போடாதீர்கள். பிறர் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கும் குடும்ப மரத்தை அப்படியே ஒட்டிக்கொள்ளாதீர்கள். மூலப் பதிவின் படத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு பெயரைக்கூடச் சேர்க்காதீர்கள்.

மோதிரத்துக்கு முன்பணம் கட்டிய பொறியாளரிடம், பொறிக்கும் வேலையை நிறுத்தி, மணமக்களின் பெயரின் முதல் எழுத்துகளை மட்டும் பொறிக்கச் சொல்லுங்கள் என்றேன். சட்டமிட்ட சின்னத்தை வரவேற்பறையில் மாட்டுவது அவர் விருப்பம். ஆனால் மகள் திருமணத்துக்குப் பிறகு எடின்பரோவில் குடியேறப் போகிறாள் என்று பேச்சுவாக்கில் சொன்னார். ஸ்காட்லாந்தில் நிலைமை வேறு: அங்கே 1672ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கேடயச் சின்னங்களுக்குப் பொதுப் பதிவேடு உண்டு, லார்டு லயன் என்ற அதிகாரிக்கு நீதிமன்றமே உண்டு, பதிவில்லாத சின்னத்தைத் தமதென்று பயன்படுத்துவது குற்றம். தயவுசெய்து அதை அவளுடைய வீட்டு வாசலில் மட்டும் மாட்டிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன்.