ஏரிக்கு சிஎஸ்ஆர் பணம் கேட்கப் போகிறீர்களா?

ஏரியைச் சீரமைக்க சிஎஸ்ஆர் பணம், அதாவது கம்பெனிகள் லாபத்தில் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம், வேண்டும் என்று ஊரில் நாலு பேர் சேர்ந்து மனு எழுதுவார்கள். இருநூறு கையெழுத்து வாங்குவார்கள். பக்கத்துத் தொழிற்சாலை வாசலில் போய் நிற்பார்கள். காவலாளி மனுவை வாங்கி மேஜை இழுப்பறையில் வைப்பார். அதோடு சரி. அடுத்த வருடம் அதே கம்பெனி வேறு ஊரில் மரக்கன்று நடும் படம் செய்தித்தாளில் வரும். அங்கே என்ன செல்வாக்கோ என்று இவர்கள் புலம்புவார்கள். பெரும்பாலும் செல்வாக்கு எதுவும் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் சரியான காகிதத்தோடு சரியான மாதத்தில் போயிருப்பார்கள், அவ்வளவுதான். அந்தக் காகிதமும் மாதமும் என்ன என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 135. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய், இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டுவிட்ட கம்பெனி, கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்தெந்தப் பணிக்குச் செலவழிக்கலாம் என்பது ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. சுற்றுச்சூழல் சமநிலை, இயற்கை வளப் பாதுகாப்பு, மண், நீர், காற்றின் தரம் எல்லாம் அதில் நான்காவதாக வருகின்றன. ஏரி, கண்மாய், ஊருணி எதுவானாலும் அதற்குள் அடக்கம்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரின் உரிமையாக இதைக் கேட்டு வாங்க முடியாது. எந்தப் பணிக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது கம்பெனியின் இயக்குநர் குழு. தாசில்தாரோ கலெக்டரோ டெல்லியில் இருக்கும் கம்பெனி விவகார அமைச்சகமோ ‘இந்த ஏரிக்குக் கொடு’ என்று உத்தரவு போட முடியாது. கம்பெனி இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி இருப்பது உண்மை. ஆனால் அது வழிகாட்டும் வரி மட்டுமே என்று அமைச்சகமே விளக்கம் கொடுத்துவிட்டது. ஆகவே ‘டெல்லியில் அப்ரூவல் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்’ என்று ஒருவர் வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். வாங்குவதற்கு அங்கே அப்ரூவல் என்று ஒன்று கிடையாது.

இனி பொறிகளுக்கு வருவோம். முதல் பொறி, டிரஸ்ட்.

‘உங்கள் ஊர்ப் பெயரில் ஒரு அறக்கட்டளை பதிவு பண்ணுங்க, அப்புறம்தான் பணம் வரும்’ என்று யாராவது சொல்வார்கள். ஊரில் வசூல் செய்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்து, ஆடிட்டருக்குக் கொடுத்து, வருமான வரித் துறையில் 12ஏ, 80ஜி என்று சொல்லும் வரிவிலக்குப் பதிவுகளை வாங்கி, அமைச்சகத்தில் பதிவதற்கான சிஎஸ்ஆர்-1 படிவமும் போட்டு முடிப்பதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும். அதற்குப் பிறகுதான் கம்பெனிக்காரர் கேட்பார்: ‘மூன்று வருட அனுபவம் இருக்கிறதா?’ இருக்காது. கம்பெனியோ அரசோ தொடங்காத அமைப்பு என்றால், அதே மாதிரிப் பணியில் குறைந்தது மூன்று ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. நேற்று பிறந்த டிரஸ்டுக்கு அது எங்கிருந்து வரும்? இப்படி ஏமாந்த ஒரு ஊரை எனக்குத் தெரியும். கோயில் கொடைக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துச் செலவழித்தார்கள். இன்றைக்கு அந்த டிரஸ்டின் ரப்பர் ஸ்டாம்பு மட்டும் மிச்சம்.

இங்கே பலர் கவனிக்காத வழி ஒன்று உண்டு. கம்பெனி நேரடியாகவே வேலையைச் செய்யலாம். நடுவில் அமைப்பு இருந்தே தீர வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. கம்பெனியே ஒப்பந்ததாரரை வைத்து வேலை வாங்கிப் பணத்தையும் அவருக்கே கொடுத்துவிட்டால், ஊர் கண்காணித்தால் போதும். அப்படி வேண்டாம், அமைப்பு வழியாகத்தான் செய்வோம் என்று கம்பெனி சொன்னால், உங்கள் மாவட்டத்தில் ஏற்கனவே ஏரி வேலை பார்த்துப் பெயர் எடுத்த, சிஎஸ்ஆர் பதிவு எண் வைத்திருக்கும் அமைப்போடு சேர்ந்து போங்கள். அந்த எண் இருந்தாலே பணம் வரும் என்று நினைக்க வேண்டாம். இவர்கள் இருக்கிறார்கள் என்று காட்டும் ஒரு அடையாள எண்தான் அது. 2021 ஏப்ரலுக்குப் பிறகு அது இல்லாத அமைப்புக்குக் கம்பெனியால் கொடுக்க முடியாது.

இரண்டாவது பொறி இதைவிடப் பெரியது: ஏரி யாருடையது?

ஊர் ஏரி ஊருக்குச் சொந்தம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். காகிதத்தில் அப்படி இல்லை. தமிழ்நாட்டில் 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கர் ஆயக்கட்டும் (ஏரித் தண்ணீர் பாயும் நிலம்) அதற்கு மேலும் உள்ள ஏரிகளைப் பொதுவாக நீர்வளத் துறை பார்க்கிறது. அதற்குக் கீழே இருப்பவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஊருணியும் குளமும் பெரும்பாலும் ஊராட்சியிடம். இது தெரியாமல் பஞ்சாயத்துத் தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு கம்பெனிக்குப் போனால், அவர்களுடைய வக்கீல் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார். அவர்மேல் தப்பில்லை. அடுத்தவர் சொத்தில் அனுமதி இல்லாமல் மண் அள்ளினால் கம்பெனி மேல்தான் வழக்கு வரும்.

அதனால் கம்பெனி வாசலை மிதிப்பதற்கு முன்னால் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் ஊர் நில விவரங்கள் இருக்கும் அ-பதிவேட்டில் ஏரியின் புல எண்ணை, அதாவது சர்வே நம்பரைப் பாருங்கள். ஏரி எத்தனை புல எண்களில் கிடக்கிறது, என்ன வகைப்பாடு, பரப்பு எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். புலப்பட நகலும் வாங்குங்கள். வரத்துக் கால்வாயின் புல எண்களை மறக்க வேண்டாம். எல்லோரும் கோட்டை விடுவது அங்கேதான். ஏரிக்குள் ஆக்கிரமிப்பு இருந்தால் அதையும் இப்போதே எழுதி வையுங்கள். அகற்றுவதற்கு 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, ஆனால் அது அரசாங்கத்தின் வேலை. ஆக்கிரமிப்புப் பிரச்சினை உள்ள ஏரி என்று மோப்பம் பிடித்தாலே கம்பெனி ஓடிவிடும். மறைத்துவிட்டு பொக்லைன் வந்து நிற்கும் நாளில் சண்டை கிளம்பினால், அந்தக் கம்பெனி உங்கள் வட்டாரத்துக்கே திரும்பாது.

அடுத்து அனுமதிக் கடிதம். நீர்வளத் துறை ஏரி என்றால் செயற்பொறியாளர் அலுவலகம், ஒன்றிய ஏரி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். இருவருமே ‘கலெக்டர் சொன்னால் செய்கிறோம்’ என்பார்கள். கலெக்டர் அலுவலகத்தில் ‘துறையின் கருத்து வேண்டும்’ என்பார்கள். கோப்பு இப்படியே பந்து மாதிரி உருளும். உடைக்க ஒரே வழி, திங்கள்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்து, எண் போட்ட ரசீதை வாங்கி, அந்த எண்ணைக் குறிப்பிட்டுத் துறைக்கு இன்னொரு கடிதம் எழுதுவது. வாயால் சொல்லும் ‘சரி, செய்யுங்க’ என்பதற்கு மதிப்பில்லை. சொன்ன அதிகாரிக்கு மாற்றல் வந்தால் அடுத்தவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். தடையில்லாக் கடிதம் எழுத்தில் வேண்டும். அதில் புல எண், செய்யப்போகும் வேலை, அள்ளும் மண்ணை என்ன செய்வது என்ற மூன்றும் இருக்க வேண்டும். மண் விஷயம் இல்லாத கடிதத்தை வாங்காதீர்கள். வண்டல் அள்ளத் தனி அனுமதி உண்டு. அது இல்லாமல் ஒரு டிராக்டர் வெளியே போனாலும் மணல் கொள்ளை என்று புகார் போகும்.

துறைப் பொறியாளரின் மதிப்பீட்டையும் அப்போதே கேட்டு வாங்குங்கள். ஜிஎஸ்டியைச் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். சிஎஸ்ஆர் செலவுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைக் கம்பெனியால் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது. அதை விட்டுவிட்டுப் போட்ட மதிப்பீட்டால் பாதி வேலையில் பணம் தீர்ந்துபோன இடங்கள் உண்டு.

மூன்றாவது பொறி நாள்காட்டி. கம்பெனிக்கு வருடம் மார்ச் 31-இல் முடிகிறது, நம் ஏரிக்கு அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையோடு தொடங்குகிறது. இந்த இரண்டையும் யாரும் பொருத்திப் பார்ப்பதில்லை. பிப்ரவரியில் கம்பெனிக்குத் திடீரென்று நினைவு வரும், பணம் செலவாகாமல் கிடக்கிறதே என்று. மார்ச் கடைசி வாரம் ஆயிரம் மரக்கன்று, ஒரு பந்தல், ஒரு பெயர்ப்பலகை. சித்திரை வெயிலில் கன்றுகள் கருகும். பலகை மட்டும் பல வருடம் நிற்கும்.

உங்களுக்குத் தேவை, கோடையில் ஏரி வற்றிக் கிடக்கும்போது வேலை. ஆகவே டிசம்பர், ஜனவரியிலேயே காகிதங்களோடு போய்விடுங்கள். வேலையை ‘தொடர் பணி’ என்று இயக்குநர் குழுத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதினால், செலவாகாத பணத்தை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி, அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்கலாம். எழுதாவிட்டால் மிச்சப் பணம் ஆறு மாதத்துக்குள் அரசு குறித்திருக்கும் ஏதாவது ஒரு நிதிக்குப் போய்விடும், உங்கள் ஏரிக்கு வராது. இந்த ஒரு வார்த்தைக்காகப் பிடிவாதம் பிடியுங்கள்.

யாரிடம் கேட்பது? பெரிய பெயர்களின் பின்னால் எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். சராசரி லாபம் 5 கோடி உள்ள கம்பெனியின் இரண்டு சதவீதம் 10 லட்சம். ஒரு மதகையும் கொஞ்சம் வரத்துக் கால்வாயையும் சரிசெய்ய அது உதவும். ஆண்டுக்கு 50 லட்சத்துக்குள் செலவழிக்க வேண்டிய கம்பெனிக்குப் பொதுவாகத் தனி சிஎஸ்ஆர் குழு தேவையில்லை, இயக்குநர்களே முடிவு செய்யலாம். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், ராணிப்பேட்டை, கோவைப் பக்கம் இப்படிப்பட்ட கம்பெனிகள் நிறைய. அமைச்சகத்தின் தேசிய சிஎஸ்ஆர் இணையதளத்தில் எந்தக் கம்பெனி எதற்குச் செலவழித்தது என்று தேடலாம். இணையதளம் வைத்திருக்கும் கம்பெனி, இயக்குநர் குழு ஒப்புக்கொண்ட பணிகளை அதில் வெளியிட வேண்டும் என்பதும் விதி. பார்த்துவிட்டுப் போங்கள்.

பணம் வந்தபின் ஒரு தொல்லை ஆரம்பிக்கும். கம்பெனிக்கு வேண்டியது படம். நடைபாதை, வண்ணக் கல், நடுவில் ஒரு தீவு, செல்ஃபி எடுக்க ஒரு வளைவு. ஏரிக்கு வேண்டியது வரத்துக் கால்வாய், மதகு, மிகைநீர் வழியும் கலங்கல், பலமான கரை. கால்வாய் அடைத்துக் கிடக்கும்போது ஏரியை மட்டும் வாரினால், வாரிய குழி வெயிலில் காயும். ஆழமாகத் தோண்டினால் நல்லது என்பதும் தப்பு. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்துத் தண்ணீர் வயலுக்குத் தானாகப் பாயாது. பொக்லைனுக்கு மணிக்கணக்கில் பணம் கொடுக்கவும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அள்ளிய மண்ணை அளந்து கன மீட்டர் கணக்கில்தான் பில். கம்பெனி தன் சொந்த இயந்திரத்தை ஓட்டிவிட்டு அதற்கு ஒரு விலை போட்டு சிஎஸ்ஆர் கணக்கில் காட்டவும் முடியாது. பணமாகச் செலவழித்தால்தான் கணக்கு.

கடைசியாக இரண்டு எச்சரிக்கைகள். ஏரியில் கழிவுநீரை விட்ட ஆலையே ‘சிஎஸ்ஆரில் தூர்வாரித் தருகிறோம்’ என்று வந்தால், நன்றிக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வேறு சட்டப்படி செய்தே ஆக வேண்டிய வேலை சிஎஸ்ஆரில் சேராது. கெடுத்ததைச் சரிசெய்ய அவர்களை நிர்ப்பந்திக்க வழி தனியாக இருக்கிறது: மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அப்புறம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் இழப்பீடும் சீரமைப்பும் கேட்டு அங்கே போக வேண்டும். அந்தக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது உங்கள் நன்றிக் கடிதம் எதிர்த்தரப்பின் கையில் இருக்கக் கூடாது.

இன்னொன்று, ‘பத்து லட்சம் போடுகிறோம், நாலு லட்சம் ரொக்கமாகத் திருப்பிக் கொடுங்கள்’ என்ற பேச்சு. சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். பத்து லட்சத்துக்கும் வேலை முடிந்தது என்ற சான்றில் கையெழுத்துப் போடுகிறவர் உங்கள் பக்கத்து ஆள்தான். நாளைக்குத் தணிக்கை வந்தால் கேட்டவர் அங்கே இருக்க மாட்டார். பேச்சு அந்தப் பக்கம் திரும்பியதுமே எழுந்து வந்துவிடுங்கள். அனுமதிக் கடிதம் ஏரியின் பெயரில் இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு அடுத்த கம்பெனிக்குப் போகலாம்.