கிணற்று மோட்டாரும் மைட்ரல் வால்வும்

தக்கலை கிளினிக்கில் ஒரு மழைக்காலச் சாயங்காலம். முந்திரி ஆலையில் வேலை செய்யும் பெண், ஆறு மாதக் கர்ப்பம். "படி ஏறினா இளைக்குது டாக்டர். ராத்திரி மல்லாந்து படுக்க முடியல."

"மாசமா இருந்தா இளைக்கத்தான் செய்யும்" என்றார் மாமியார். பாதி சரி. மூச்சு முட்டி எழுந்து உட்காருவதைக் கர்ப்பத்தின் கணக்கில் சேர்க்க முடியாது.

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். 'லப்' வழக்கத்தைவிட அழுத்தமாகக் கேட்டது. 'டப்'புக்கு அப்புறம், அமைதியாக இருக்க வேண்டிய இடத்தில், தூரத்தில் வண்டி உருளுவது போல ஓர் உறுமல்.

லப், டப் இரண்டுமே வால்வுகள் மூடும்போது எழும் சத்தம். கீழறைகள் சுருங்கத் தொடங்கியதும், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரலும் (இடப்பக்கம்) ட்ரைகஸ்பிடும் (வலப்பக்கம்) மூடினால் லப். சுருங்கி முடிந்து, பெருந்தமனி, நுரையீரல் தமனி வாசல்களில் உள்ளவை மூடினால் டப். திறக்கும்போது நல்ல வால்வு சத்தம் போடாது.

நம் வீட்டுக் கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு இருக்கிறதே, அதை யார் திறக்கிறார்கள்? மோட்டார் இழுத்தால் திறக்கும். நின்றால் குழாயில் நிற்கும் தண்ணீரின் பாரமே மூடிவிடும். இதய வால்வும் இப்படி அழுத்தத்துக்குப் பணிவதுதான். மைட்ரல் இதழ்கள் மேலறைக்குள் புரண்டுவிடாதபடி நூல் போன்ற நாண்கள் மட்டும் கீழிருந்து பிடித்திருக்கும்.

நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 நொடி. சுருங்க 0.3, நிரம்ப 0.5. துடிப்பு 120 ஆனால் மொத்தமே 0.5 நொடிதான், வெட்டு விழுவது பெரும்பாலும் நிரம்பும் நேரத்தில். 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் திறக்க வேண்டிய மைட்ரல், எக்கோ எனும் இதய ஸ்கேனில் இவருக்கு 1.2. கர்ப்பத்தில் ரத்தமும் கூடும், துடிப்பும் கூடும். வாசலில் நெரிசல், தேக்கம் நுரையீரலில்.

துடிப்பைக் குறைக்கும் மாத்திரையும், நீர் பிரிய மாத்திரையும் கொடுத்தோம். மூன்றாம் நாள் படுத்துத் தூங்கினார். பிரசவத்துக்கு அப்புறம் திருவனந்தபுரத்தில் பலூன் வைத்து வால்வை விரித்தார்கள்.

காரணம் பழையது. பத்து வயதில் தொண்டை வலி, பின்னாலேயே முட்டு வீக்கம்: ருமாட்டிக் காய்ச்சல். தொண்டைக் கிருமியோடு மோதும் உடல், வால்வையும் எதிரியாக எடுத்துக்கொள்ளும். பிள்ளைக்கு ஒரு மூட்டு விட்டு இன்னொரு மூட்டு வீங்கினால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி பல வருடம் தொடர வேண்டியது. வால்வு கெட்டிருந்தால் 40 வயது வரைகூட.

இவருக்கு ஆறே மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன்.

"முட்டு வலி போயிட்டே, அப்புறம் எதுக்குன்னு அம்மா சொன்னாங்க."