கட்டைவிரல் மரத்தபின் என்ன பயிற்சி?

ஆவணி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. கட்டைவிரல் மரத்துப்போய் மூன்றாவது நாதஸ்வரக்காரர் நேற்று என்னிடம் வந்தார். வயது 19. தண்ணீர்ச் செம்பைத் தூக்க முடியவில்லை.

"எப்பலேர்ந்து தம்பி?"

"வைகாசியிலேர்ந்து சார். ஆடியில கல்யாணம் இல்ல, கொறஞ்சிருந்துச்சு. வலிச்சாத்தான் கை பழகும்னு வாத்தியார் சொன்னாரு."

பிசியோதெரபிஸ்டாக நான் அதிகம் கேட்ட பேச்சு இதுதான். கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. விரல் காய்த்துப்போவதைப் பார்த்துவிட்டு உள்ளேயும் அப்படித்தான் ஆகும் என்று நினைக்கிறார்கள். தோல் காய்க்கும். தசைநார் காய்க்காது. நரம்பும் காய்க்காது. இரண்டு மணி நேரம் ஊதினால் உதடு சோரும், தோள் கனக்கும், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். அது அசதி. காலையில் வாத்தியத்தை எடுக்கும்போதே வலித்தால், சட்டைப் பொத்தான் போட விரல் மடங்காவிட்டால், அது காயம். உதட்டைச் சுற்றியிருப்பதும் தசைதான். அது கிழிந்து, தைக்க வேண்டி வந்த ஊதுகலைஞர்கள் உண்டு.

பாரி என்கிற நீள நாதஸ்வரம் ஏறக்குறைய இரண்டரை அடி ஆச்சா மரம். அந்தப் பாரம் முழுக்கக் கட்டைவிரல்களில்தான் நிற்கிறது. கை சின்னதாக இருக்கும் பிள்ளைகளிடம் அதைக் கொடுத்து, விரலை இழுத்து இழுத்துத் துளையை மூடச் சொல்லாதீர்கள்.

ஆடியிலும் தினம் கொஞ்சம் வாசியுங்கள். ஒரு மாதம் மூடிவைத்துவிட்டு முதல் முகூர்த்தத்தில் நாலு மணி நேரம் ஊதாதீர்கள். அரைமணிக்கு ஒருமுறை கீழே வையுங்கள். ஜோடி வாசிப்பவர் எதற்கு இருக்கிறார்? தவில் சத்தத்தை மிஞ்சக் கடினமான சீவாளி (வாயில் வைத்து ஊதும் பகுதி) மாட்டாதீர்கள். மைக் எட்டவில்லை என்று அணசை, அதாவது வாத்தியத்தின் விரிந்த அடிமுனையை, தூக்கிப் பிடிக்காமல், ஸ்டாண்டை இறக்கச் சொல்லுங்கள். அப்புறம், வீட்டில் யாருக்காவது கண் அழுத்த நோய் இருந்தால் கண் மருத்துவரிடம் ஒருமுறை போய்வாருங்கள். தம் பிடித்து ஊதும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறும்.

வாத்தியார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வலிக்கிறது என்றால், எங்கே என்று கேளுங்கள். உங்களிடம் சொல்லப் பயந்துதான் மூன்று மாதம் கழித்து இங்கே வருகிறார்கள்.

அந்தத் தம்பி மூன்று வாரம் வாசிக்கக் கூடாது என்றேன். ஆறு முகூர்த்தம் ஒப்புக்கொண்டிருக்கிறாராம், அழுதேவிட்டார். அவருடைய வாத்தியாருக்கு நானே போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "செட்டுக்கு வேற ஆள் அனுப்பிக்கிறேன், கையைப் பாருங்க" என்றார்.