பினோ கிரீஜோ, பினோ கிரி: ஒரே திராட்சை, இரண்டு பாணி, தடுமாற வைக்கும் 'ட்ரை'

பினோ கிரீஜோ, பினோ கிரி இரண்டும் வெள்ளை ஒயின் செய்யும் ஒரே திராட்சைதான். முன்னது இத்தாலியப் பெயர், பின்னது பிரெஞ்சுப் பெயர். பிரெஞ்சு எழுத்தில் கடைசியில் ஒரு 'ஸ்' உண்டு, அதை ஒலிப்பதில்லை. இனிப்பில்லாத வெள்ளை ஒயின் வாங்கப் போகிறவர் இந்த இரண்டுக்கும் நடுவே திகைத்து நிற்பதற்குக் காரணம், பெயரோடு சேர்ந்து பாணியும் மாறிவிடுவதுதான்.

'பினோ' என்பது பைன் மரத்தின் பிரெஞ்சுப் பெயரிலிருந்து வந்தது. இதன் குலை சிறியது, மணிகள் நெருக்கமானவை, பார்க்கப் பைன் காய் போல இருக்கும். 'கிரி', 'கிரீஜோ' இரண்டுக்கும் சாம்பல் நிறம் என்று பொருள். 'பினோ நுவார்' என்ற கருந்திராட்சையில் தோலின் நிறம் மட்டும் திரிந்து உண்டான வகை இது. பழுத்த மணியைக் கையில் எடுத்துப் பார்த்தால் சாம்பலும் நீலமும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம், மேலே மெல்லிய மாவுப் படலம். செர்மானியர் இதைக் 'கிரௌபுர்குண்டர்' என்பார்கள். அங்கும் 'கிரௌ' சாம்பல்தான். எனவே தமிழில் 'சாம்பல் பினோ' என்றால் போதும். 'பினோ' வகைப்பெயர், அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

இனிப்பில்லாத ஒயினை ஆங்கிலத்தில் 'ட்ரை' என்பார்கள். தமிழில் எழுதும்போது சிக்கல் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. பிரெஞ்சில் 'செக்', இத்தாலியில் 'செக்கோ', செர்மனில் 'ட்ரோக்கன்' என எல்லாமே 'உலர்ந்த' என்று பொருள்படுபவை. அதைப் பார்த்துத் தமிழில் 'உலர் ஒயின்' என்று எழுதுகிறார்கள். இது பிழை, குழப்பமும் தருவது. உலர் திராட்சை என்றால் நமக்குக் காய்ந்த திராட்சை. காய வைத்த திராட்சையிலிருந்து ஒயின் செய்யும் வழக்கம் இத்தாலியில் உண்மையாகவே உண்டு. அப்படிச் செய்யும் 'வின் சாந்தோ' பெரும்பாலும் இனிக்கும். ஆக, 'உலர் ஒயின்' என்று படிப்பவர் நேர் எதிரான பொருளுக்குப் போய்விடலாம்.

ஒயின் துறையில் 'ட்ரை' என்றால் சர்க்கரை எஞ்சவில்லை என்றுதான் பொருள். நொதிக்கும்போது ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை 1 விழுக்காடு ஆல்கஹால் ஆகும். லிட்டருக்கு 200 கிராம் சர்க்கரை உள்ள சாறு முழுக்க நொதித்தால் ஆல்கஹால் 12 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும், இனிப்பும் தங்காது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி எஞ்சிய சர்க்கரை லிட்டருக்கு 4 கிராம் வரை இருந்தால் 'ட்ரை' எனலாம். புளிப்பு போதிய அளவு இருந்தால் 9 கிராம் வரையும் ஏற்பார்கள்.

வாய் வறள்வதுபோல் ஓர் உணர்வு வருமே, அது வேறு. அதற்குக் காரணம் தோலிலும் விதையிலும் உள்ள டேனின். ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிக் குழம்புகிறார்கள். தமிழில் அந்தக் குழப்பமே தேவையில்லை, நம்மிடம் 'துவர்ப்பு' இருக்கிறது. எனவே 'ட்ரை' என்பதற்கு 'இனிப்பற்ற' என்பதே சரி.

ஒயினுக்கும் நமக்குப் பழைய சொல் உண்டு: தேறல். தேறுதல் என்றால் தெளிதல், மண்டி கீழே தங்கியபின் மேலே நிற்கும் தெளிவு. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' என்று, கடல் கடந்து வந்த மதுவையே நக்கீரர் இச்சொல்லால் குறிக்கிறார். 'ஒயின் ஷாப்' என்று எல்லா மதுவையும் ஒரே பெயரில் விற்றுப் பழகிய நமக்கு இந்தத் தனிச்சொல் மிகவும் வேண்டியது. இலக்கணப்படி புணர்த்தால் 'வெண்டேறல்'. படிப்பவர் தடுமாறாமல் இருக்க 'வெண்தேறல்' என்று பிரித்தே எழுதலாம். பேச்சில் 'இனிப்பற்ற வெள்ளை ஒயின்' தாராளமாகப் போதும்.

இனி இரண்டு பாணிகள். வடகிழக்கு இத்தாலியின் வெனெட்டோ, ஃபிரியூலி பகுதிகளில் புளிப்பு குறையும் முன்பே பறித்து, உடனே பிழிந்து, தோலை விலக்கி, எஃகுத் தொட்டியில் குளிர்ச்சியாக நொதிக்க வைப்பார்கள். சில மாதங்களில் குப்பிக்குப் போய்விடும். வெளிர் நிறம், எலுமிச்சை, பச்சை ஆப்பிள், பேரிக்காய் வாசம், துள்ளும் புளிப்பு. தோலோடு சில மணி நேரம் ஊறினாலே செம்பு நிறம் ஏறிவிடும். ஃபிரியூலியில் அப்படி வேண்டுமென்றே செய்வது 'ரமாட்டோ', இத்தாலியில் 'ரமே' என்றால் செம்பு. கொடிக்கு அளவு மீறிக் காய்க்க விட்டால் சாறு நீர்த்துப்போகும். மலிவான கிரீஜோ பலவற்றில் ஒரு ருசியும் இல்லாததற்குக் காரணம் இதுதான். குலையைக் குறைத்து வளர்த்தது நிச்சயம் வேறு தரம்.

பிரான்சின் அல்சாஸில் நன்றாகப் பழுக்க விட்டுப் பறிக்கிறார்கள். பழைய பெரிய மரப்பீப்பாயில், மண்டியோடு பல மாதம் வைப்பதும் உண்டு. தேன், இஞ்சி, லேசான புகை வாசம். நாக்கில் கனம், புளிப்பு அடங்கியிருக்கும், ஆல்கஹால் 13.5 முதல் 14 விழுக்காடு வரை. இங்கேதான் ஏமாற்றம் நடக்கும்: இனிப்பற்றது என்று நினைத்துத் திறந்தால் இனிக்கும், சர்க்கரை எஞ்சியிருக்கும். 2021 அறுவடை முதல் அங்கே இனிப்பின் அளவைக் குப்பியில் குறிக்கவேண்டும், 'செக்' என்று இருப்பதை எடுங்கள். பழைய அறுவடையானால் கடைக்காரரிடம் கேட்டே வாங்குங்கள்.

பழ வாசத்தையும் இனிப்பையும் பலர் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். ஐயம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். வாசம் மறைந்தபின்னும் இனித்தால் அது சர்க்கரை. பொங்கும் ஒயினில் இன்னொரு பொறி இருக்கிறது: 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்பதில் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை உண்டு, 'ப்ரூட்' என்று குறித்திருப்பது அதைவிட இனிப்புக் குறைந்தது.

பொரித்த நெத்திலி, இறால், எலுமிச்சை பிழிந்த மீன் என்றால் கிரீஜோ, 7 முதல் 9 டிகிரி குளிர்ச்சியில். வெண்ணெயில் வதக்கிய காளான், பன்றி இறைச்சி, கோழி வறுவல் என்றால் கிரி, 10 முதல் 12 டிகிரியில். அதைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் வாசம் எழும்பாது, கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள். மிளகாய்க் காரம் தூக்கலான உணவுக்கு 14 விழுக்காடு உள்ளதைத் தவிர்ப்பது நல்லது, ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டிவிடும்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்காவின் ஓரிகன் போன்ற இடங்களில் ஒயின் செய்பவர் தமக்குப் பிடித்த பெயரை இட்டுக்கொள்ளலாம். பெரும்பாலும் மெலிந்த பாணிக்குக் கிரீஜோ, கனத்த பாணிக்குக் கிரி. ஆனால் விதி கிடையாது. அங்கே பெயரைவிட ஆல்கஹால் எண்ணைப் பாருங்கள்: 12 என்றால் மெலிந்தது, 13.5க்கு மேல் என்றால் கனத்தது.