முதுநிலை வேதியியல்: பழைய புட்டியைத் திறப்பதற்கு முன்

இளநிலை வகுப்பில் செய்த சோதனைகளுக்கு விடை முன்பே தெரியும். அளவு, கரைப்பான், நேரம் எல்லாம் செய்முறைக் கையேட்டில் இருக்கும். முதுநிலையில் ஆய்வுத் திட்டம் தொடங்கும் நாளில் அந்தக் கையேடு உதவாது. ஆய்வகப் பாதுகாப்பைக் கவனித்துவரும் எனக்கு அந்த நாட்களில்தான் கவலை அதிகம்.

நிதி குறைந்த மண்டலப் பல்கலைக்கழகங்களில் எந்தப் புட்டியையும் தூக்கிப்போட யாருக்கும் மனம் வருவதில்லை. என்றோ ஓய்வுபெற்றவர் வாங்கிவைத்த ஈதர் என்ற கரைப்பான், லேபிள் மங்கிப்போய் அலமாரி மூலையில் கிடக்கும். இருப்பதை வைத்துச் செய்யச் சொன்னால் மாணவர் அதைத்தானே எடுப்பார்?

டைஎத்தில் ஈதர், டெட்ராஹைட்ரோஃபியூரான், டைஐசோபுரோப்பைல் ஈதர் ஆகியவற்றில் காற்றும் ஒளியும் பட்டால், எளிதில் வெடிக்கக்கூடிய பெராக்சைடு மெல்ல மெல்ல உருவாகும். இவற்றில் கடைசியாகச் சொன்னது மிகவும் பொல்லாதது. மூடியைச் சுற்றி வெண்படிகம் தெரிந்தால் திருகக் கூடாது, நகர்த்தவும் கூடாது. அந்த உராய்வே வெடிப்பதற்குப் போதும். விலகி வந்து பொறுப்பாளரை அழையுங்கள். படிகம் தெரியாவிட்டாலும், பெராக்சைடு சோதனைத் தாளில் பார்க்காமல் காய்ச்சி வடிக்க வேண்டாம். ஈதர் ஆவியாகப் போகப் போக, எளிதில் ஆவியாகாத பெராக்சைடு குடுவையின் அடியில் செறிந்துகொண்டே வரும். ஆகவே முழுதும் வற்றும்வரை வடிப்பது கூடவே கூடாது. புட்டியைத் திறந்த தேதியை அதன்மேல் எழுத ஒரு பேனா போதும். அதைக்கூடச் செய்யாத ஆய்வகங்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

கழிவுப் புட்டியிலும் இதே அலட்சியம்தான். நைட்ரிக் அமிலக் கழிவை அசிட்டோன், எத்தனால் இருக்கும் புட்டியில் ஊற்றி இறுக மூடினால் உள்ளே வாயு சேரும். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் அது வெடிக்கலாம்.

"கையுறை போட்டிருக்கிறேனே" என்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான், 1996 ஆகஸ்டில், நச்சு ஆவியை வெளியே இழுக்கும் புகைபோக்கிப் பெட்டிக்குள்தான் வேலை செய்தார், லேடெக்ஸ் கையுறையும் அணிந்திருந்தார். கையுறையின்மேல் டைமெத்தில் மெர்க்குரி என்ற கொடிய நச்சுப் பாதரசச் சேர்மம் சில துளிகள் சிந்தின. 1997 ஜூனில் அவர் இறந்தார். அந்தச் சேர்மம் லேடெக்ஸைச் சில நொடிகளில் ஊடுருவிவிடும் என்பது பிறகு நடந்த சோதனைகளில் தெரிந்தது. முதுநிலை மாணவர் கையில் டைமெத்தில் மெர்க்குரி வரப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் டைகுளோரோமெத்தேன் அன்றாடம் புழங்கும் கரைப்பான். மெல்லிய நைட்ரைல் கையுறையை அது விரைவிலேயே கடந்துவிடும். சிந்தினால் உடனே கழற்றிக் கையைக் கழுவிவிட்டு வேறு கையுறை போடுங்கள்.

திட்டத் தலைப்பை ஏற்பதற்கு முன் வழிகாட்டியிடம் தயங்காமல் கேளுங்கள்: புகைபோக்கிப் பெட்டியின் காற்றிழுப்பைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள்? கழிவை யார், எப்போது எடுத்துச் செல்கிறார்கள்? மாலையில் வேலை நீண்டால் ஆய்வகத்தில் உடன் யார் இருப்பார்?