“எங்க வீட்டை யாரைக் கேட்டாலும் சொல்வாங்க” என்பவர்களுக்கு

காரைக்குடி வட்டாரத்தில் 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். போன வாரமும் அதே கதைதான். ராத்திரி இரண்டு மணிக்கு மேல், மூச்சுத்திணறலோடு ஓர் ஆச்சி. வண்டி ஊருக்குள் நுழைந்து சரியான தெருவுக்கும் வந்துவிட்டது. வீடு மட்டும் அகப்படவில்லை. தெரு நெடுக ஒரே மாதிரி மதில், ஒரே மாதிரி வாசல், பாதி வீடுகளில் பூட்டு. கூப்பிட்ட நம்பருக்குத் திரும்ப அடித்தால் பிஸி. சொந்தக்காரர்களுக்குச் சேதி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஆச்சி பிழைத்துக்கொண்டார். எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை.

வாசலில் ஒரு விளக்கையாவது போட்டிருக்கலாமே என்று கேட்டால் வரும் பதில் எனக்கு மனப்பாடம்: “எங்க வீட்டை யாரைக் கேட்டாலும் சொல்வாங்களே தம்பி!”

யாரைக் கேட்பது? அந்த நேரத்தில் தெருவில் நாய்தான் நிற்கிறது. உங்கள் விலாசம் மூன்று தலைமுறையாக ஊரறிந்ததாக இருக்கலாம். பால்காரருக்குத் தெரியும், கோயில் கணக்குப்பிள்ளைக்குத் தெரியும். ஆனால் நீங்கள் 108-க்குப் பேசும்போது எடுப்பவர் சென்னையில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வண்டி வேறு கேஸில் இருந்தால் தேவகோட்டையிலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ இன்னொன்று வரும். அதை ஓட்டும் பைலட் (எங்கள் சர்வீஸில் டிரைவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) வேறு மாவட்டத்துக்காரராக இருப்பார். அவரிடம் “செட்டியார் பெரிய வீடு” என்றால் அவர் என்ன செய்வார்? “மேலே லட்சுமி சுதை இருக்கும்” என்று அடையாளம் சொல்கிறார்கள். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் வாசலுக்கு மேல் லட்சுமி இல்லாத பெரிய வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும்!

“லொகேஷன் அனுப்பிட்டோமே” என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் வீடுகள் முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடிகின்றன. நீங்கள் இரண்டாங்கட்டில் (வீட்டின் பின்பகுதியில்) நின்று லொகேஷன் அனுப்பினால் மேப் வண்டியைப் பின்தெருவுக்குக் கூட்டிப்போகலாம். அங்கே தாழிட்ட பின்கதவைத் தட்டிக்கொண்டு நிற்போம். நீங்கள் முன்வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். பெரிய வண்டியை அந்தச் சந்தில் பின்னாலெடுத்துத் திரும்புவதற்குள் போகும் நேரம் யாருடையது? இதயம் நின்றுவிட்டால் 4 முதல் 6 நிமிடங்களில் மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடும். பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் அழிகின்றன. மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேரம் இருக்கிறது என்று படித்துவிட்டு நிதானமாக இருக்காதீர்கள். மருத்துவமனைக்குப் போய் ஸ்கேன் எடுக்கும் நேரமும் அதற்குள்தான் அடக்கம்.

இதற்குத்தான் அவசர அடையாள விளக்கு, அதாவது எந்த வீடு என்று ஆம்புலன்ஸுக்குக் காட்ட வாசலில் மின்னும் விளக்கு. வாசல் ஹோல்டரிலேயே மாட்டுகிற பல்பு வகை ஒன்று உண்டு. சுவிட்சை ஒருமுறை போட்டால் சாதாரணமாக எரியும், சட்டென்று அணைத்து மறுபடி போட்டால் விட்டுவிட்டு மின்னும். அது கிடைக்காவிட்டால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். மின்னுகிற எல்இடி விளக்கு ஒன்றைத் தனி சுவிட்ச் வைத்து மாட்டித் தருவார். வெள்ளையோ மஞ்சளோ போதும். சிவப்பும் நீலமும் வேண்டாம், போலீஸ் வண்டி நிற்கிறது என்று நினைத்து நாங்களே தாண்டிப் போய்விடுவோம்.

மாட்டுகிற இடத்தில்தான் நம் ஊரில் தப்பு நடக்கிறது. முகப்பில் மாட்டுகிறார்கள். மதிலும் திண்ணையும் கடந்து உள்ளே மின்னுவது தெருமுனையில் வரும் பைலட்டுக்கு எப்படித் தெரியும்? தெருவை ஒட்டிய கேட் தூணின் மேல் மாட்டுங்கள், இரண்டு பக்கத்திலிருந்தும் தெரியட்டும். வண்டி பின்தெருப் பக்கம் வர வாய்ப்புள்ள வீடுகளில் பின்வாசலுக்கும் ஒன்று வையுங்கள். ஆனால் எந்தக் கதவைத் திறந்து வைக்கப்போகிறீர்களோ அந்தப் பக்கத்தை மட்டும் மின்ன விடுங்கள்.

சுவிட்ச் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தனியாக இருக்கும் பெரியவர்கள் பெரும்பாலும் அடுப்படிப் பக்கமுள்ள அறையில்தான் படுக்கிறார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வளவை (நடுமுற்றத்தை) கடந்து முகப்புக்கு வந்து அவர்களால் சுவிட்சைப் போட முடியாது. ரிமோட் வாங்குகிறவர்கள் கடைக்காரர் சொல்லும் தூரத்தை நம்பாதீர்கள். நம் வீட்டுச் சுண்ணாம்புச் சுவர்களின் கனம் அவருக்குத் தெரியாது. கட்டிலிலிருந்தே அழுத்திப் பாருங்கள். எட்டவில்லை என்றால் வயர் இழுத்துவிடுங்கள். கரண்ட் போனாலும் எரிய வேண்டும் என்பதால் இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள்.

இன்னொன்று. இந்த விளக்கு 108-ஐக் கூப்பிடாது. முதலில் போன், பிறகு சுவிட்ச். பேசி முடித்ததும் அந்த போனில் வேறு யாரையும் அழைக்காதீர்கள், எங்கள் அழைப்பு அதில்தான் வரும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் பிள்ளைகளே, அங்கிருந்து 108 அழுத்தினால் நம்மூர் வண்டிக்குத் தகவல் வராது. அதனால் பக்கத்து வீட்டுக்காரர், வீட்டைப் பார்த்துக்கொள்பவர் இருவர் நம்பரையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாசல் சாவி ஒன்றும் அவர்களிடம் இருக்கட்டும். அந்தத் தேக்குக் கதவை உடைத்து உள்ளே வர எங்களால் ஆகாது.

கல்யாணத்துக்கு சீரியல் செட் போட்டிருக்கும் வீட்டில் அவசரம் வந்தால் அதை முதலில் அணையுங்கள். அழகுக்காகவோ, உணவு கொண்டுவரும் பையனுக்கு வழிகாட்டவோ இந்த விளக்கை மின்ன விடாதீர்கள். தெருவில் யாரும் பிறகு அதை மதிக்க மாட்டார்கள். விளக்கு எதுவுமே இல்லையா? வீட்டில் இன்னொருவர் இருந்தால் செல்போன் டார்ச்சோடு தெருவில் நின்று ஆட்டட்டும். ஆள் இல்லாத வீடுகளுக்காகத்தான் நான் இவ்வளவு மன்றாடுகிறேன்.

அடுத்த முறை முன்னோர் படைப்புக்கோ விசேஷத்துக்கோ ஊருக்கு வரும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கி இதை மாட்டிவிடுங்கள். மாட்டிய அன்றே இருட்டியதும், ஆச்சியைப் படுக்கையிலிருந்தே சுவிட்சைப் போடச் சொல்லிவிட்டு, நீங்கள் தெருமுனைக்குப் போய்ப் பாருங்கள். தெரியவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள்.